திரும்பும்போது எழும் ஓசை

ஓசையைக் கேட்டுப் பொருளின் நிலையை அறிவது நம் மக்களுக்குப் புதிய கலையன்று. சந்தையில் மண்பானை வாங்கும் மூதாட்டி அதனை விரலால் ஒருமுறை சுண்டிப் பார்க்கிறார். கணீரென்று ஒலித்தால் பானை நன்றாக வெந்தது என்றும், மந்தமாக ஒலித்தால் எங்கோ கீறல் இருக்கிறது என்றும் கொள்கிறார். தேங்காய் வாங்குபவரும் தட்டிப் பார்த்தே வாங்குகிறார். முன்னாளில் இரயில் நிலையங்களில் நீண்ட பிடியுள்ள சுத்தியலால் வண்டிச் சக்கரங்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு சென்ற ஊழியரும், நோயாளியின் மார்பில் குழலை வைத்துக் கேட்கும் மருத்துவரும் செய்வது அதே வேலைதான். கண் செல்லாத இடத்திற்குக் காது செல்கிறது.

இன்று நாம் ஆராயப் போவது அத்தகைய ஓசை ஒன்றையே. மோட்டார் கார் நேரே ஓடும்போது அமைதியாக ஓடுகிறது. தெருமுனையில் திரும்பும்போது மட்டும் முன்பக்கத்தில் எங்கோ 'டொக்' என்றோ, 'கடக் கடக்' என்றோ ஓர் ஓசை கேட்கிறது. ஓட்டுபவர் வானொலியின் ஒலியைச் சற்றுக் கூட்டிவைத்துக்கொண்டு மேலே செல்லலாம். அல்லது வண்டியைப் பட்டறையில் விட்டு, எதையாவது மாற்றிச் சரிசெய்யுங்கள் என்று சொல்லிவிட்டு வரலாம். முன்னது உயிருக்குத் தீங்கு. பின்னது பொருளுக்குத் தீங்கு. இரண்டையும் தவிர்க்க வேண்டுமானால், ஓசை ஏன் திரும்பும்போது மட்டும் எழுகிறது என்று முதலில் சிந்திக்க வேண்டும்.

உங்களில் பலருடைய இல்லத்தில் கார் இல்லாதிருக்கலாம். ஆயினும் வாடகைக் காரில் ஏறாதவர் நம்மில் மிகச் சிலரே. மேலும், நீங்கள் பாடப்புத்தகத்தில் படிக்கும் நிலைமம், உராய்வு, சுழற்சி ஆகியவை இங்கே இரும்பும் ரப்பருமாக நம் முன் நிற்கின்றன. ஆகவே இதனைக் கார் வைத்திருப்பவர்களுக்குரிய பேச்சு என்று எண்ணிவிடாதீர்கள்.

நோயாளியிடம் மருத்துவர் கேட்கும் முதற் கேள்வி, 'எப்போது வலிக்கிறது?' என்பது. எப்போது என்று தெரிந்தால் எங்கே என்பது பாதி தெரிந்துவிடும். நம் காருக்கு வலிப்பது திரும்பும்போது. அப்படியானால், நேரே செல்லும்போது இல்லாமல், திரும்பும்போது மட்டும் வண்டியில் நேரும் மாற்றங்கள் யாவை? அவை நான்கு.

முதலாவது மாற்றம், முன்சக்கரங்கள் திசை மாறுவது. நம் ஊர்க் கோயில் தேர் வீதி மூலையில் திரும்புவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தேரின் அச்சு திரும்புவதில்லை. முட்டுக்கட்டைகளை இட்டு, வடத்தை ஒரு பக்கமாக இழுத்து, அத்தனை பெரிய பாரத்தையும் சிறிது சிறிதாகத் தரையில் தேய்த்தே திருப்புகின்றனர். காரில் அவ்வாறன்று. முன்சக்கரம் ஒவ்வொன்றும் தனித்தனியே திரும்பும் வகையில் அமைக்கப்பட்டிருக்கிறது. சக்கரத்தைத் தாங்கும் பகுதியின் கீழே ஒரு பந்துக்கிண்ண மூட்டு உண்டு. நம் இடுப்பெலும்பில் தொடையெலும்பு பொருந்தியிருக்கும் மூட்டை ஒத்தது அது. பட்டறைகளில் அதனைப் 'பால் ஜாயிண்ட்' என்பர். மேலே, நிமிர்ந்து நிற்கும் ஷாக் அப்சார்பரும் அதனைச் சுற்றிய சுருள்வில்லும் வண்டியின் உடலோடு இணையும் இடத்தில் ஒரு பேரிங் உண்டு. இந்த அமைப்பை 1940களின் இறுதியில் அமெரிக்கப் பொறியாளர் மக்ஃபெர்சன் வகுத்தார். இன்றைய சிறிய கார்களில் பெரும்பாலானவற்றில் முன்பக்கம் இவ்வாறே அமைந்திருக்கிறது. ஸ்டீயரிங் சக்கரத்தை நாம் திருப்பும்போது, டை ராட் என்னும் கம்பி சக்கரத்தைத் தள்ளியோ இழுத்தோ திருப்புகிறது. அக்கம்பியின் முனையிலும் ஒரு சிறு பந்து மூட்டு உண்டு. ஆகவே, திரும்பும்போது மட்டும் வேலை செய்யும் உறுப்புகள் இவை என்று ஒரு பட்டியல் நமக்குக் கிடைக்கிறது.

இரண்டாவது மாற்றம், உட்புறச் சக்கரமும் வெளிப்புறச் சக்கரமும் வெவ்வேறு தொலைவு ஓடுவது. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு காரின் இடப்பக்கச் சக்கரத்திற்கும் வலப்பக்கச் சக்கரத்திற்கும் இடையேயுள்ள அகலம் 1.4 மீட்டர் என்று கொள்வோம். அது ஒரு முழு வட்டம் சுற்றி வந்தால், வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட எவ்வளவு மிகுதியாக ஓடும்? இரண்டு வட்டங்களின் சுற்றளவுகளைக் கழித்தால், 2 பெருக்கல் 3.14 பெருக்கல் 1.4, அதாவது ஏறத்தாழ 8.8 மீட்டர் என்று விடை வரும். வட்டம் சிறியதாயினும் பெரியதாயினும் விடை மாறுவதில்லை என்பது இக்கணக்கின் அழகு. இவ்வேறுபாட்டிற்கு இடம் கொடுப்பதற்காகவே டிஃபரென்ஷியல் என்னும் பற்சக்கரத் தொகுதி வைக்கப்பட்டிருக்கிறது. அதன் உட்பற்கள் தேய்ந்தாலும் திரும்பும்போது ஓசை எழும். ஆனால் இது அரிதாக வரும் நோய்.

மூன்றாவது மாற்றம், பாரம் இடம் மாறுவது. பேருந்து வளைவில் திரும்பும்போது நின்றுகொண்டிருப்பவர் வெளிப்புறம் சாய்வது போலவே, வண்டியின் உடலும் சாய்கிறது. வெளிப்புறத்து வில் அமுங்குகிறது. உட்புறத்து வில் நீள்கிறது. இச்சாய்வைக் குறைப்பதற்காக இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் இணைத்து ஓர் உருக்குக் கம்பி குறுக்கே ஓடுகிறது. அக்கம்பியின் இரு முனைகளும் சிறு இணைப்புக் கம்பிகளால் சக்கரத் தொகுதியோடு பிணைக்கப்பட்டிருக்கின்றன. இவற்றைப் பட்டறையில் 'லிங்க்' என்பர். குறுக்குக் கம்பியைப் பிடித்திருக்கும் ரப்பர் புஷ்கள் தேய்ந்தாலும், லிங்க்கின் மூட்டுகள் தளர்ந்தாலும் லொடலொட என்ற ஓசை பிறக்கும்.

நான்காவது மாற்றம் எல்லாவற்றிலும் நுட்பமானது. எஞ்சினின் ஆற்றல், திரும்பி நிற்கும் சக்கரத்திற்குச் சென்று சேர வேண்டும். எல்லாக் கார்களிலும் இந்தத் தேவை இல்லை. 1950களின் பிற்பகுதியிலிருந்து 2014 வரை இந்தியாவில் உருவான அம்பாசடர் காரில் எஞ்சின் இயக்கியது பின்சக்கரங்களை; பத்மினியிலும் அவ்வாறே. முன்சக்கரங்கள் திரும்பும் வேலையை மட்டும் பார்த்தன. 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 காரில் முன்சக்கரங்களே இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும் என்றாயிற்று. அதற்குப் பின் வந்த சிறிய கார்களில் மிகப் பெரும்பாலானவை இவ்வகையினவே. மாட்டுவண்டியை இழுக்கும் மாடுகளே வழியையும் மாற்றுவது போல என்று இதனைச் சொல்லலாம்.

திரும்பி நிற்கும் சக்கரத்தைச் சுழற்றுவது எங்ஙனம்? வளையக்கூடிய ஒரு மூட்டு வேண்டும். 17-ஆம் நூற்றாண்டில் இராபர்ட் ஹூக் அத்தகைய மூட்டு ஒன்றை ஆராய்ந்து விளக்கினார். வில்லின் நீட்சி பற்றிய விதியில் நீங்கள் சந்தித்த அதே ஹூக்தான். குறுக்குச் சிலுவை போன்ற ஒரு துண்டினால் இரண்டு தண்டுகளை இணைப்பது அம்மூட்டு; நம் பட்டறைகளில் அதனைக் 'கிராஸ்' என்று அழைப்பர். ஆனால் அதில் ஒரு குறை உண்டு. முதல் தண்டு சீராகச் சுழன்றாலும், கோணத்தில் நிற்கும் இரண்டாம் தண்டு சீராகச் சுழல்வதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்தும் இருமுறை தயங்கியும் சுழல்கிறது. 30 பாகைக் கோணத்தில், முதல் தண்டு நிமிடத்திற்கு 100 சுற்று வேகத்தில் சீராக ஓடினால், இரண்டாவது 87-க்கும் 115-க்கும் இடையே ஊசலாடும். சக்கரத்தில் இவ்வாறு நேர்ந்தால் ஓட்டுபவர் கையில் ஸ்டீயரிங் அதிர்ந்துகொண்டே இருக்கும்.

இக்குறையைத் தீர்க்கப் பலர் முயன்றனர். அவர்களுள் ஒருவர் 1920களில் ஃபோர்டு நிறுவனத்தில் பொறியாளராயிருந்த ஆல்ஃபிரட் ஷெப்பா. அவர் பெயரால் வழங்கும் மூட்டில், உட்புறம் குழிந்த ஒரு கிண்ணமும் அதனுள் பொருந்தும் ஓர் உருண்டையான துண்டும் இருக்கின்றன. இரண்டிலும் ஆறாறு வளைந்த பள்ளங்கள். அவற்றிற்கிடையே ஆறு உருக்குக் குண்டுகள். குண்டுகளைக் கலையாமல் பிடித்திருக்க ஒரு கூண்டு. தண்டுகள் எந்தக் கோணத்தில் நின்றாலும், அக்கோணத்தைச் சரிபாதியாக வெட்டும் தளத்திலேயே ஆறு குண்டுகளும் நிற்குமாறு இது அமைந்திருக்கிறது. அந்தத் தளத்தில் ஒரு நிலைக்கண்ணாடியை வைத்ததாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு தண்டு மற்றதன் பிம்பம் போலாகிவிடுகிறது. பிம்பம் விரைவதும் தயங்குவதும் உண்டோ? ஆகவே இரண்டும் ஒரே வேகத்தில் சுழல்கின்றன. 1959-இல் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மினி என்னும் சிறிய ஆங்கிலக் கார் இவ்வகை மூட்டைக் கொண்டு வெற்றி பெற்றது. இன்று பட்டறைகளில் 'சி.வி. ஜாயிண்ட்' என்று வழங்குவது இதுவே. மின்சாரக் கார்களிலும் இம்மூட்டுகள் உண்டு.

இம்மூட்டின் உயிர் அதனுள் அடைத்த கிரீஸ். கிரீஸ் வெளியேறாமலும் புழுதி உள்ளே புகாமலும் காப்பது துருத்தி போல மடிப்பு மடிப்பாய் அமைந்த ஒரு ரப்பர் உறை. அதன் பெயர் 'பூட்'. 55 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்குள் ஏறத்தாழ 580 முறை சுழல்கிறது. அத்தனை முறையும் இந்த உறை மடிந்து விரிகிறது. வெயிலாலும் முதுமையாலும் ரப்பரில் ஒரு விரிசல் விழுந்தால், சுழற்சியின் வேகத்திலேயே கிரீஸ் வெளியே தெறித்துவிடும். மணலும் மழைநீரும் உள்ளே புகும். பளிங்கு போன்றிருந்த பள்ளங்களில் குழிகள் விழும். நேரே ஓடும்போது மூட்டின் கோணம் சிறிது. குண்டுகள் ஓரிடத்திலேயே சற்று அசைகின்றன. திரும்பும்போது கோணம் பெரிதாகிறது. குண்டுகள் பள்ளத்தில் நெடுந்தூரம் முன்னும் பின்னும் ஓட வேண்டியிருக்கிறது. தேய்ந்த இடத்தைக் கடக்குந்தோறும் குண்டு தட்டுகிறது. 'கடக் கடக் கடக்' என்று சக்கரத்தின் சுழற்சியோடு இசைந்து எழும் ஓசை இதுவே.

இனி, அறிகுறிகளைக் கொண்டு காரணத்தை அறிவது எப்படி என்று காண்போம்.

எதற்கும் முன்பு மிக எளிய காரணங்களை விலக்கிவிட வேண்டும். வண்டியின் பின்பெட்டியில் ஜாக், ஸ்பானர், தண்ணீர்க் குப்பி ஆகியவை கட்டுப்பாடின்றி உருளுகின்றனவா என்று பாருங்கள். வளைவில் அவை ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்திற்கு ஓடி இடிப்பதும் 'டொக்' என்றே கேட்கும். அடுத்து, சக்கரத்தின் நட்டுகள். அண்மையில் பஞ்சர் ஒட்டியபோது அவற்றை முழுதும் முடுக்காமல் விட்டிருக்கக்கூடும். பழைய வண்டிக்காரர் மாட்டைப் பூட்டுமுன் கடையாணியைத் தொட்டுப் பார்ப்பார். கார் ஓட்டுபவரும் அப்பழக்கத்தைக் கைக்கொள்வது நல்லது. நட்டுகளை வட்டமாக ஒன்றன்பின் ஒன்றாக முடுக்காமல், எதிரெதிராக முடுக்குவதே முறை. அப்போதுதான் சக்கரம் சாயாமல் குடத்தில் சமமாக அமரும்.

இவை சரியாக இருந்தால், ஓசையிடம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்.

முதற் கேள்வி: வண்டி நிற்கும்போது ஸ்டீயரிங்கைத் திருப்பினால் ஓசை கேட்கிறதா? கேட்டால், அது சக்கரம் சுழல்வதால் வருவதன்று, சி.வி. ஜாயிண்ட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. முன்மூடியைத் திறந்து, ஷாக் அப்சார்பரின் மேல்முனை வண்டியின் உடலோடு சேரும் இடத்தில் உள்ளங்கையை வையுங்கள். மற்றொருவர் ஸ்டீயரிங்கை மெல்ல ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திருப்பட்டும். மேல் பேரிங் இறுகிப்போயிருந்தால், சுருள்வில் உடனே திரும்பாமல் முறுக்கேறி, பின்பு திடீரென்று விடுபட்டு 'டொங்' என்று குதிக்கும். அந்த அதிர்வு கையில் தெரியும். விரல்களை வில்லின் சுருள்களுக்கிடையே மட்டும் விடாதீர்கள்.

இரண்டாம் கேள்வி: ஓசை சக்கரத்தின் சுழற்சியோடு சேர்ந்து அடுக்கடுக்காக வருகிறதா, அல்லது ஒரே ஒருமுறை வந்து அடங்குகிறதா? ஆளரவமற்ற ஒரு மைதானத்தில், ஸ்டீயரிங்கை ஏறத்தாழ முழுதும் திருப்பி, சிறிதே வேகம் கொடுத்து, மெல்ல வட்டமிடச் செய்யுங்கள். பிறகு மறு பக்கமாக வட்டமிடுங்கள். வேகம் கூடக் கூட 'கடக் கடக்' என்பதும் விரைவாக வந்தால், சி.வி. ஜாயிண்ட் தேய்ந்திருக்கிறது. எந்தப் பக்கம் திரும்பும்போது ஓசை மிகுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கத்து மூட்டே பெரும்பாலும் குற்றவாளி. ஆயினும் அதனை மட்டும் கொண்டு முடிவு செய்யாமல், இரு பக்கத்து உறைகளையும் கண்ணால் பார்க்க வேண்டும். உறை கிழிந்து, சக்கரத்தின் உட்புறத்தில் கறுத்த கிரீஸ் வாரியிறைத்தாற்போல் ஒட்டியிருந்தால் சான்று முழுமையாகும்.

மூன்றாம் கேள்வி: மேடு பள்ளத்தில் நேரே செல்லும்போதும் அந்த ஓசை வருகிறதா? வந்தால், பாரம் தாங்கும் மூட்டுகளையே ஐயுற வேண்டும். லிங்க், புஷ், பால் ஜாயிண்ட் ஆகியவை இவ்வகையின. இவற்றுள் லிங்க் தேய்ந்தால் தொல்லை. பால் ஜாயிண்ட் தேய்ந்தால் ஆபத்து. பந்து கிண்ணத்தை விட்டுக் கழன்றுவிட்டால் சக்கரம் வெளிப்புறம் மடிந்துவிடும்; வண்டியின் முன்மூலை தரையில் விழும்; ஸ்டீயரிங்கிற்கு அதன்மேல் எவ்வித ஆட்சியும் இராது.

அதனைச் சோதிக்கும் முறையைச் சொல்கிறேன். இதனைத் தொழில் அறிந்தவரே செய்ய வேண்டும். ஆயினும் செய்வது என்ன என்று நீங்கள் அறிந்திருப்பது நன்று. சமதரையில் வண்டியை நிறுத்திக் கைப்பிரேக்கை இழுத்து, பின்சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கினால் உயர்த்தி, உடனே உருக்குத் தாங்கிகளின்மேல் இறக்கி வைக்க வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கடியில் தலையையோ கையையோ நீட்டுவது கூடாது; செங்கல்லையும் சிமெண்டுக் கல்லையும் முட்டாக வைப்பதும் கூடாது. அவை முன்னறிவிப்பின்றிப் பிளந்துவிடும். பிறகு சக்கரத்தைக் கடிகாரமாகக் கருதி, 12 மணியிலும் 6 மணியிலும் இரு கைகளால் பிடித்து உள்ளும் புறமுமாக அசைக்க வேண்டும். ஆட்டம் தெரிந்தால், காரணம் பால் ஜாயிண்ட்டாகவும் இருக்கலாம், சக்கரப் பேரிங்காகவும் இருக்கலாம். இவ்விரண்டையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. மற்றொருவர் பிரேக்கை மிதிக்கட்டும். பிரேக்கின் பிடி சக்கரத்தையும் அதைத் தாங்கும் பகுதியையும் ஒன்றாக இறுக்கிவிடுவதால், பேரிங்கின் ஆட்டம் மறைந்துவிடும். பால் ஜாயிண்ட்டின் ஆட்டம் மறையாது. 3 மணியிலும் 9 மணியிலும் பிடித்து அசைக்கும்போது மட்டும் ஆட்டமிருந்தால், டை ராட் முனையைப் பார்க்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் நேரில் கண்ட ஒன்றை இங்கே கூறுதல் பொருந்தும். என் பழைய மாணவர் ஒருவர் சிறியதொரு பட்டறை நடத்துகிறார். ஒருநாள் முற்பகலில் நான் அங்கே இருந்தபோது, வாடகைக் கார் ஓட்டும் ஒருவர் வந்தார். கடன் வாங்கி வாங்கிய ஒரே வண்டி. அதன் வருவாயில்தான் குடும்பம் நடந்தது. திரும்பும்போது முன்பக்கத்தில் ஓசை வருகிறதென்று வேறொரு பட்டறையில் காட்டியிருக்கிறார். அவர்கள் இருபக்கத்து இயக்குதண்டுகளையும் மூட்டுகளோடு மாற்றிவிட்டார்கள். ஒரு மாத வருவாய் அதில் போயிற்று. ஓசை மட்டும் போகவில்லை. அன்று மாலையே ஒரு குடும்பத்தை மலைக்கோயிலுக்கு அழைத்துச் செல்ல அவர் முன்பணம் வாங்கியிருந்தார். 'கொஞ்சம் கிரீஸ் தடவி விடு தம்பி, இன்று போய் வந்துவிடுகிறேன்' என்றார்.

என் மாணவர் ஸ்பானரைத் தொடவில்லை. வண்டியில் ஏறி அமர்ந்து, பட்டறைக்குப் பின்னேயுள்ள வெற்றிடத்தில் இருபுறமும் வட்டமிட்டார். அடுக்கடுக்கான ஓசை இல்லை. வளைவில் புகும்போது ஒரு 'டொக்', வெளிவரும்போது ஒரு 'டொக்', அவ்வளவே. ஆகவே சுழலும் உறுப்பு எதுவும் காரணமன்று. வண்டியை நிறுத்தி ஸ்டீயரிங்கைத் திருப்பினார், ஓசை இல்லை. ஆகவே மேல் பேரிங் அன்று. வேகத்தடையின்மேல் மெல்ல ஏற்றி இறக்கினார், 'டொக்' என்றது. பாரம் தாங்கும் மூட்டு என்பது தெளிவாயிற்று. முன்பக்கத்தை உயர்த்தி இடச் சக்கரத்தை 12-லும் 6-லும் பிடித்து அசைத்தபோது ஆட்டம் தெரிந்தது. உதவியாளர் பிரேக்கை மிதித்தார். ஆட்டம் அப்படியே இருந்தது. கீழ்ப்பகுதியில் ஒரு கடப்பாரையைச் சொருகி நெம்பியபோது, பந்து தன் கிண்ணத்தினுள் மேலும் கீழும் குதிப்பதை நாங்கள் மூவரும் கண்டோம். மூட்டின் ரப்பர் மூடி கிழிந்து, உள்ளே செந்துரு படிந்திருந்தது.

'அண்ணே, இந்த வண்டி இன்று மலை ஏறக் கூடாது' என்றார் என் மாணவர். ஓட்டுநருக்குச் சினம் வந்தது. முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமே என்று வாதாடினார். மாணவர் மறுமொழி சொல்லவில்லை. மூட்டைக் கழற்றி எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். நல்ல நிலையிலுள்ள மூட்டின் பந்தைக் கையால் அசைப்பதே கடினம். இதுவோ மணி நாக்கைப் போலத் தானாக ஆடியது. ஓட்டுநர் அதனை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கைப்பேசியை எடுத்து, மாலைப் பயணத்திற்குத் தெரிந்த வேறொரு வண்டியை ஏற்பாடு செய்து கொடுத்தார். புதிய மூட்டிற்கும் கூலிக்கும் ஆன செலவு, முன்பு வீணான தொகையில் ஒரு சிறு பங்குதான்.

இதில் நாம் கருத வேண்டியது ஒன்று. முந்தைய பட்டறையினர் ஏமாற்றவேண்டும் என்று எண்ணியிருக்க வேண்டியதில்லை. திரும்பும்போது ஓசை என்றால் சி.வி. ஜாயிண்ட் என்று மனப்பாடமாக அறிந்திருந்தனர். பத்து வண்டிகளில் அது சரியாகவும் இருந்திருக்கும். மனப்பாடம் செய்த விடை, கேள்வி சற்று மாறியவுடன் தவறிவிடுகிறது. என் மாணவர் விடையை அறியாமல் தொடங்கினார். ஒவ்வொரு சோதனையிலும் ஒரு காரணத்தை விலக்கினார். எஞ்சியதைக் கையால் தொட்டு உறுதி செய்தார். வகுப்பறையில் வேதியியல் உப்பை ஆராயும்போது நீங்கள் பின்பற்றும் முறைக்கும் இதற்கும் வேறுபாடு உண்டோ?

பழுது நீக்கும் வழிகளையும் சுருக்கமாகக் கூறுகிறேன். சி.வி. ஜாயிண்ட்டின் உறை கிழிந்து, ஓசை இன்னும் தொடங்காதிருந்தால், மூட்டைக் கழற்றிக் கழுவி, அதற்குரிய கிரீஸை அடைத்து, புதிய உறையிட்டாலே போதும். அதற்காகும் செலவு சிறிது. ஓசை தொடங்கிய பின் கிரீஸ் தடவுவதால் பயனில்லை. குழி விழுந்த உருக்கைக் கிரீஸ் நிரப்பாது. மூட்டையோ, தண்டு முழுவதையுமோ மாற்ற வேண்டும். பால் ஜாயிண்ட்டில் ஆட்டம் கண்டால் காலம் தாழ்த்தாது மாற்ற வேண்டும். சில வண்டிகளில் அது கீழ்க்கையோடு சேர்ந்தே கிடைக்கும். லிங்க்கையும் புஷ்ஷையும் இரு பக்கமும் ஒருங்கே மாற்றுவது நலம். ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் மறுபக்கமும் அத்தனை தொலைவு ஓடியதே அன்றோ? மேல் பேரிங்கை மாற்றுவதற்குச் சுருள்வில்லை அமுக்கிப் பிடிக்கும் கருவி வேண்டும். அமுங்கிய வில்லில் ஆளைக் கொல்லும் ஆற்றல் அடங்கியிருக்கிறது; கருவியின்றி அதன் நட்டைக் கழற்ற ஒருவரும் முயலக் கூடாது. டை ராட் முனையை மாற்றினால், சக்கரங்களின் நேர்நிலையை அளந்து சரிசெய்ய வேண்டும். இல்லையேல் புதிய டயரும் சில மாதங்களில் ஒருபுறமாகத் தேய்ந்துபோகும். நட்டுகள் யாவற்றையும் வண்டியின் கையேட்டில் குறித்த அளவுக்கு, அளவு காட்டும் ஸ்பானரால் முடுக்குவதே முறையாகும்.

இவையெல்லாவற்றிற்கும் முன்னே செய்யக்கூடிய காப்பு ஒன்று உண்டு; அதற்குச் செலவே இல்லை. வண்டியைப் பழுது பார்க்க விடும்போதெல்லாம், அடியிலுள்ள ரப்பர் உறைகளை ஒருமுறை விளக்கொளியில் பார்க்கச் சொல்லுவதே அது. ஓசை எழுவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே உறையின் கிழிசல் கண்ணுக்குத் தெரியும்.

மாணவ நண்பர்களே, நீங்கள் வாடகைக் காரில் செல்லும்போது, வளைவுதோறும் அத்தகைய ஓசை உங்கள் காதில் விழுந்தால், ஓட்டுநரிடம் பணிவோடு எடுத்துச் சொல்லுங்கள். நாள்தோறும் கேட்டுக் கேட்டு அவர் காதுக்கு அது பழகிப்போயிருக்கும். உங்களுக்கு அது புதிது. எப்போது வருகிறது, ஒருமுறையா பலமுறையா, மேட்டிலும் வருகிறதா என்ற மூன்றையும் கவனித்துச் சொன்னீர்களானால், பட்டறைக்காரரின் வேலையில் பாதியை நீங்களே முடித்துக் கொடுத்தவர்கள் ஆவீர்கள்.